கம்பவுண்டர் அடித்த கற்பூரம்

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் நாத்தனார் விட்டுப்போனவை. ஆறில் எது யாருடையது என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாதபடி வளர்த்தேன். நாற்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. என் பெயரை எழுதுவேன், மற்றதை எழுதப் பொழுது போதாது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எழுத்தில் பிழை இருந்தால் அவளுடையது. பொய் இருந்தால் என்னுடையது.

என்னோடு கூடை சுமந்த கிழவிகளே, நெற்றியில் கயிறு பதிந்த தடம் இன்னும் மாறாதவர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். சாமி உண்டா இல்லையா என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். உண்டு என்றவர்களையும் பார்த்தேன், இல்லை என்றவர்களையும் பார்த்தேன். இரண்டு பக்கத்து முகமும் எனக்கு அருவருத்துப் போய்விட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் எஸ்டேட் குன்னூருக்கு மேலே. பெயர் வேண்டாம். ஆனியில் பிடித்த மழை ஆவணி வரைக்கும் விடவில்லை. போர்த்திய கம்பளி காயவே இல்லை. காயாத கம்பளியில் நனைந்த ஆடும் அடுப்புப் புகையும் கலந்து ஒரு வாடை வருமே, அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். விஷக்காய்ச்சல். பூசாரி சொன்னபடி ஒன்பது நாள் தீர்த்தம் மட்டும் கொடுத்திருக்கிறார் அப்பா. பத்தாம் நாள் அம்மா இல்லை. அன்றோடு அவர் சாமியை விட்டார். பேக்டரியில் இலையைத் திரிக்கிற ரோலர் மெஷினில் அவருக்கு வேலை. சட்டையைத் துவைத்தாலும் நொதித்த இலையின் புளிப்பு போகாது.

என்னை வளர்த்தது அப்பாவின் அக்கா, என் அத்தை. புருஷனும் பிள்ளையும் இல்லாதவள். லைன் என்கிற கூலிக்காரர் வீட்டு வரிசையில் கடைசி வீடு அவளுடையது, நான் படுப்பதும் அங்கேதான். பகலில் கொழுந்து பறிப்பாள். யாருக்காவது இடுப்புவலி கண்டால் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போவாள். அவளிடம் ஒரு பலாமரப் பெட்டி இருந்தது. உள்ளே கத்தரிக்கோல், நூல்கண்டு, விளக்கெண்ணெய்ப் புட்டி, வெள்ளைத் துணி. யாரும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் புறங்கையில் ஓர் அடி விழும். எஸ்டேட்டில் முக்கால்வாசிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவைதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிஸ்பென்சரியின் பின்னறையில் மூன்று பேர் கூடுவார்கள். கம்பவுண்டர், எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார், அப்பா. சாமி இல்லை என்பது மூவருக்கும் முடிந்துபோன விஷயம். வாத்தியார் மட்டும் அவ்வப்போது தயங்குவார். சாமி இல்லாத உலகத்தில் மனுஷன் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. அப்பாவுக்கு வெற்றிலை கொண்டுபோகிற சாக்கில் நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்பேன். தகரக் கூரையில் மழை, உள்ளே பினாயில் வாடை, பீடிப் புகை, டீயில் நனைத்துத் தின்கிற வர்க்கியின் நெய் வாசம். எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். அன்று அந்த வாடை எனக்குப் பிடித்திருந்தது.

கம்பவுண்டரைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். லைன் ஜனங்களை வாங்க போங்க என்று பேசிய முதல் உத்தியோகஸ்தர் அவர். நாற்காலியில் உட்காரவைத்துத்தான் நாடி பார்ப்பார். அம்மை ஊசிக்குப் பயந்து ஒளிந்தவர்களைத் தேயிலைச் செடிக்குள் புகுந்து இழுத்துவந்து குத்தினார், அதற்குப் பிறகு எங்கள் லைனில் அம்மையில் யாரும் சாகவில்லை. மாரியம்மன் நோன்பில் சாமி வந்து ஆடியவரின் கக்கத்தில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தவரும் அவரே.

"சாமியே உள்ள வந்து உக்காந்திருக்குது, சூடு ஒரு பாயிண்ட் கூட ஏறலீங்களே," என்று பின்னறையில் சொன்னார். அப்பா சிரித்துச் சிரித்து வெற்றிலைச் சாற்றைச் சட்டையில் விட்டுக்கொண்டார்.

மூன்றாவது லைனில் ஓர் அக்கா இருந்தாள். முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். பேன் பார்த்து எனக்குத் தலை பின்னிவிடுவாள். பின்னும்போது பாடமாட்டாள், கதை சொல்லமாட்டாள், அடுத்த வீட்டுச் சண்டையை அப்படியே இரண்டு குரலில் நடித்துக் காட்டுவாள். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவளுக்கு விடியும்போதே வலி கண்டது. மதியச் சோற்று நேரத்துக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளை அழுத சத்தம் கேட்டு நாங்கள் வெளியே சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் அத்தை கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். முழங்கை வரை சிவப்பு.

"அம்மிணி, கம்பவுண்டர்கிட்ட ஓடு. ரத்தம் நிக்கலீன்னு சொல்லு. ரத்தம் நிக்கிற ஊசி அலமாரியில இருக்குதாமா, எடுத்துட்டுக் கையோட வரச் சொல்லு. நடந்து போகாத."

குறுக்கு வழியில் தேயிலைக்குள் புகுந்து ஓடினேன். அட்டை கடித்தது தெரியவில்லை. பின்னறைக்குப் போனபோது மூவரும் இருந்தார்கள். கம்பவுண்டர் வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"தேனீக்கு எந்தச் சாமீங்க சொல்லிக் குடுத்துது? கூட்டுக்கு ஆபத்துன்னா கொட்டிட்டுச் செத்துப் போகுது. ஒழுக்கங்கறது ஒடம்புலயே ஊறி வர்றதுங்க. நரகத்தக் காட்டிப் பயமுறுத்தித்தான் நல்லவனாக்கோணுமின்னு இல்ல."

"தேனீ பொய் சொல்லுமாங்க?" என்றார் அப்பா. "மனுசன் சொல்றானே. அப்ப ஒடம்பு மட்டும் போதாதுங்களே."

நான் சொன்னேன். சொன்னதை அப்படியே சொன்னேன், ஊசி, அலமாரி, கையோடு, எல்லாம். கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். மீசையில் வர்க்கித் தூள்.

"கொழந்த பொறந்துருச்சா?"

"பொறந்துருச்சுங்க."

"அப்பறம் என்ன. கொஞ்சம் ரத்தம் போகத்தான் செய்யும். உன்ற அத்தைக்கு எதுக்கெடுத்தாலும் பதட்டம். போ, வர்றேன்."

நான் நகரவில்லை. "நிக்கலீங்களாமா," என்றேன் மறுபடி.

அப்பா திரும்பினார். "பெரியவங்க பேசறப்ப நடுவுல நிக்காத அம்மிணி. அதான் வர்றேங்கறாரில்ல. வெளிய இருந்து கூட்டிட்டுப் போ."

வெளியே நின்றேன். அப்பா சொன்னால் நிற்கிற பிள்ளை நான். அப்பா கேட்ட கேள்விக்குக் கம்பவுண்டர் பதில் சொல்ல ஆரம்பித்தார். வாத்தியார் குறுக்கே ஒன்று கேட்டார், அதற்கும் பதில். வாத்தியார் இன்னொரு தடவை டீ ஊற்றினார். கெட்டிலிலிருந்து டம்ளரில் விழுந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும். மூன்றாம் தடவை உள்ளே எட்டிப் பார்த்தபோது, ஆள்காட்டி விரலைத் தூக்கி "இருங்க, இந்த ஒண்ண முடிச்சர்றேன்" என்றார் கம்பவுண்டர். அது எனக்கா வாத்தியாருக்கா என்று தெரியவில்லை. நான் திரும்பி ஓடினேன்.

போனபோது அக்காவின் முகத்தில் துணி போட்டிருந்தது. கயிற்றுக் கட்டிலின் கீழே மண்தரை ஊறிச் சேறாகியிருந்தது. பிள்ளையை யாரோ பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கம்பவுண்டர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் அப்பா, மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு. கம்பவுண்டர் துணியை விலக்கிப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்தார், விட்டார். வாசலில் அவள் புருஷனும் லைன் சனமும் நின்றார்கள். அவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, இத்தன நேரம் ஏன் ஆள் அனுப்பல?"

அத்தை என்னைப் பார்த்தாள். "சொன்னியா கண்ணு?"

"சொன்னேன் அத்தை."

"வெளையாடிட்டு நின்னுட்டு இப்பத்தானே வந்து சொன்னே," என்றார் கம்பவுண்டர். குரல் உயரவே இல்லை. மருந்துச் சீட்டுப் படிக்கிற குரல்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மருந்துப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.

விஷயம் எஸ்டேட் மேனேஜர் துரைக்குப் போனது. மருத்துவச்சி நேரத்துக்கு ஆள் அனுப்பவில்லையா, கம்பவுண்டர் வரவில்லையா, உங்களுக்குள் பேசி முடிவு சொல்லுங்கள், தப்புச் செய்தவர் எஸ்டேட்டில் இருக்கக்கூடாது என்று, எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரும் கூடினோம். அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. மரத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

எங்கள் லைனில் வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். வார்த்தைக்கு வார்த்தை மாறினால் தட்டில் கற்பூரம் கொளுத்துவார்கள். உண்மை சொல்கிறவன் உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அடித்தால் அந்தக் கை விளங்காமல் போகும் என்று நம்பிக்கை. நெருப்புக்குப் பயந்து பின்வாங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

முதலில் வாத்தியாரைக் கேட்டார்கள். "நான் பேச்சுக் கவனத்துல இருந்துட்டேனுங்க. புள்ள வந்துதா வரலியான்னு கவனிக்கலீங்க," என்றார். சொல்லிவிட்டுக் குடையின் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அப்பா முன்னால் வந்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னார். "எம்பொண்ணு வந்து சொன்னா. ஊசின்னு சொன்னா, ரத்தம் நிக்கலீன்னு சொன்னா. கம்பவுண்டரும் கேட்டாரு, நானும் கேட்டேன். அவரு எந்திரிக்கல. நானும் அவர எழுப்பல, புள்ளயத்தான் வெளிய நிக்கச் சொன்னேன். அக்கா மேல தப்பில்லீங்க. தப்பு அந்த ரூமுக்குள்ளதான் இருந்துச்சு."

மேஸ்திரி கம்பவுண்டரைப் பார்த்தார். "நீங்க என்னங்க சொல்றீங்க?"

"அந்தம்மா புள்ளய அனுப்புனதே எல்லாம் முடிஞ்ச பொறகுதானுங்க. வந்த ஒடனே கிளம்பிட்டேன்," என்றார் கம்பவுண்டர். "கூடப்பொறந்தவளுக்காக அவரு பேசறாரு. அவரத் தப்புச் சொல்லல."

மேஸ்திரி கற்பூரத்தைக் கொளுத்தினார். நான் நினைத்தேன், கம்பவுண்டர் மாட்டிக்கொண்டார் என்று. எனக்குத் தெரிந்து கோயில் வாசலை மிதிக்காத மனுஷர். அவர் செருப்பைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டார். ஊசி போடுவதற்கு முன் மடிப்பாரே, அதே மாதிரி இரண்டு மடிப்பு. முன்னால் வந்து, தயங்காமல் ஒரே அடியில் அணைத்தார்.

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. "சாமியே இல்லைன்னு சொன்ன மனுசன் எறங்கி வந்து அடிக்கிறாரு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் மேஸ்திரி. அதுதான் எல்லோரையும் சாய்த்தது. தினமும் கும்பிடுகிறவன் அடித்தால்கூடச் சந்தேகப்பட்டிருப்பார்கள். கும்பிடாதவன் அடித்ததால் நம்பினார்கள். இத்தனை ஜனத்தில் ஒருத்தருக்கும், நம்பாதவனுக்கு அடிப்பதில் என்ன பயம் என்று தோன்றவில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை.

மறுபடி கொளுத்தினார்கள். "உன்ற பேச்சு நெசமுன்னா நீயும் அடியப்பா," என்றார் மேஸ்திரி.

"அடிக்க மாட்டேனுங்க."

"ஏன்?"

"எனக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க. நம்பாததுமேல கைய வெச்சுச் சத்தியம் பண்ணுனா, நான் சொன்ன நெசத்துக்கே மரியாத இல்லாமப் போயிரும். சொன்னது சொன்னதுதானுங்க."

யாரோ சிரித்தார்கள். அத்தை அவர் பக்கத்தில் போய் நின்றாள். அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். "அப்புனு, ஒரே ஒரு அடிதானே. எனக்காக அடிச்சிரு. நான் எங்க போவேன்?"

அப்பா கையைத் தூக்கினார். எல்லோரும் பார்த்தோம். தட்டுக்கு மேலே வரைக்கும் கொண்டுபோனார். அங்கேயே வைத்திருந்தார், சூடு தாங்காமல் விரல் மடங்கும் வரைக்கும். பிறகு இறக்கிவிட்டார். நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். மேஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வயசுக்கு வராத புள்ள சத்தியம் செல்லாது கண்ணு," என்றார், பிரியமாகவே. கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது.

எஸ்டேட்டை விட்டுப் போக அத்தைக்கு ஒரு வாரம் தவணை. கூடலூர்ப் பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்தில் தெரிந்த மலையாளத்துக் குடும்பம் இருந்தது. இலை லாரியில் ஏறிப் போனாள். பலாமரப் பெட்டியை எடுத்துப் போகவில்லை, அடுப்பில் வைத்து எரித்துவிட்டாள். கத்தரிக்கோலைக்கூட என்னிடம் கொடுக்கவில்லை. அப்பாவைப் பார்க்காமல் என்னிடம் மட்டும், "அவனுக்கு ராத்திரிக்குச் சோறு குழைய வடி, கெட்டியா இருந்தா முழுங்க மாட்டான்," என்றாள். இரண்டாம் வருஷம் அங்கேயே செத்தாள். எங்களுக்குச் செய்தி வந்தபோது புதைத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

இதுவரைக்கும் சொன்னதைவிட இனிமேல் சொல்வதுதான் எனக்குக் குமட்டுவது. அத்தை போன மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனார். சண்டை போடத்தான் போகிறார் என்று நானும் பின்னால் போனேன். உள்ளே போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். வாத்தியார் டீ ஊற்றினார். அப்பா வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க," என்றார் அப்பா. "நம்பாதவன் கற்பூரம் அடிச்சு ஒண்ணச் சொன்னா, அது பொய்ச் சத்தியமா இல்லீங்களா?"

அவர்கள் அதையும் விவாதம் செய்தார்கள். என் அத்தையை, அந்த அக்காவை, சேறான மண்தரையை ஒரு கேள்வியாக்கி மேஜைமேல் வைத்து, மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டு பேசினார்கள்.

"அது வெறும் கெமிக்கலுங்க," என்றார் கம்பவுண்டர். "கல்லும் கட்டையும் கேக்கற கேள்விக்கு நான் எதுக்கு நெசம் சொல்லோணும்? மூடநம்பிக்கைக்கிட்டச் சொல்ற பொய் பொய்யில்லீங்க. நான் போயிருந்தா இன்னொரு கம்பவுண்டர் வர எட்டு மாசம் ஆகும். அதுக்குள்ள எத்தன உசுரு போகும்? கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கெழவிக்கு எங்க போனாலும் பொழப்பு."

வாத்தியார், "அதுவும் ஒரு நியாயந்தானுங்க," என்றார்.

அப்பா அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சத்தியம் பண்ணுனது சாமிகிட்ட இல்லீங்க. அந்தச் சனத்துகிட்ட," என்றார்.

"அந்தச் சனம் கேட்ட பாஷையில சொன்னேன்," என்றார் கம்பவுண்டர். "நீங்க உங்க கையச் சுத்தமா வெச்சுக்கிட்டீங்க. அதனால உங்க அக்காவுக்கு என்ன லாபம், சொல்லுங்க."

அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். வழியில் என்னிடம், "பேசத் தெரியல அம்மிணி," என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். பேச வேறு ஆள் இல்லை அவருக்கு. அன்று அதை நான் துரோகம் என்று நினைத்தேன். இன்று, தனியாக இருந்த மனுஷன் என்று புரிகிறது. புரிந்தாலும் குமட்டல் குறையவில்லை. நான் அதற்குப் பிறகு வெற்றிலை கொண்டுபோகவில்லை. வர்க்கியும் தின்பதில்லை.

கம்பவுண்டர் நன்றாகத்தான் இருந்தார். கை ஒன்றும் விளங்காமல் போகவில்லை. அந்தக் கையாலேயே என் பெரியவனுக்கு அம்மை ஊசி போட்டார். நான் பிள்ளையை நீட்டினேன், வேறு என்ன செய்ய.

சரி, இப்போது எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், போன மாதம் ஊட்டியில் ஒரு கல்யாணம். எனக்குப் பக்கத்தில் எழுபது தாண்டிய ஒருவர் வந்து உட்கார்ந்தார். மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவராம். எந்த எஸ்டேட் என்று பேச்சு வந்தது. லைன் எது என்று வந்தது. மூன்றாம் லைனில் அன்று பிறந்த பிள்ளை.

"எங்கம்மா மருத்துவச்சியோட அஜாக்கிரதையில செத்துப் போச்சுங்க அக்கா," என்றார். "அந்தம்மா நேரத்துக்கு ஆளே அனுப்பலியாமா. எங்கம்மாவப் பெத்த அப்பிச்சி சொல்லித்தான் என்னை வளத்துனாங்க. அந்தம்மாவ நெனச்சு மண்ணு வாரித் தூத்தாத நாளில்ல."

"அந்தம்மா எங்க அத்தைங்க," என்றேன். "அனுப்புன ஆளு நான்தான்."

நடந்ததெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் என் முகத்தைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீங்க. கற்பூரம் அடிச்சுச் சொல்லுவீங்களா?" என்றார்.

மணமேடைக்குப் பக்கத்தில் கற்பூரத் தட்டு இருந்தது. நான் எழுந்து போனேன். நானே ஒரு வில்லையைக் கொளுத்தினேன். என் அப்பாவைப் போல நிற்கவில்லை, கம்பவுண்டரைப் போல மடித்துவிடச் சேலையில் கையும் இல்லை. அடித்தேன். சுள்ளென்றது, அவ்வளவுதான்.

அந்த மனுஷர் உடைந்து அழுதார். என் காலைத் தொட்டார். "அந்தம்மாவ நான் எத்தன திட்டியிருப்பேன்," என்றார். ஒரே அடியில் என் அத்தை நல்லவளாகிவிட்டாள். அத்தனை சுலபம். அப்பா, இது இவ்வளவு சுலபம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்று ஒரு கணம் நெஞ்சு கொதித்தது. மறு கணம் வேறொன்று தோன்றியது. நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நான் அடித்ததை நம்பினார். அவருடைய அப்பா கம்பவுண்டரை நம்பியதும் இதே மாதிரித்தான். அத்தையின் உண்மையும் கம்பவுண்டரின் பொய்யும் ஒரே தட்டில்தான் இன்னும் கிடக்கின்றன. கல்யாண வீட்டுக் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

அதனால்தான் இன்னொரு தடவை சொல்கிறேன், நெருப்பு இல்லாமல், தட்டு இல்லாமல். என் அத்தை ஆள் அனுப்பினாள். நான் போனேன், சொன்னேன், மூன்று பேரும் கேட்டார்கள். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் என்னைக் கோயிலுக்குக் கூப்பிட வேண்டாம். இனி வரமாட்டேன்.

எழுதிட்டியா கண்ணு? முதலிலிருந்து படி பார்ப்போம். அத்தை என்னைக் கூப்பிட்டுச் சொன்ன இடம் வரும்போது மெதுவாகப் படி. ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் நிறுத்து.